முப்பத்தேழாம் வாய்

கோலாலம்பூர்
பிப்ரவரி 6, 2003

அன்புள்ள சில்வெஸ்டர் அண்ணாவுக்கு,

பிபியானா எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கத்தான் கை கூசுகிறது. மூக்குக்குப் பின்னால் கட்டி என்று அண்ணி தொலைபேசியில் சொன்ன பிறகு இரண்டு நாள் அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தேன் என்றே தெரியவில்லை. ஆனால் ஒன்று, நம் பிடாயு இனத்தாருக்கு அதிகம் வருகிற இந்த நோய் கதிர்ச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். இங்கே பல் மருத்துவத் துறையில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கதிர் போகிற வழியில் வாயும் வேகும், அதுதான் கஷ்டம். இரண்டு மூன்று வாரத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கு, தொண்டை எல்லாம் தோல் உரிந்து புண்ணாகும். சோறு இறங்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் புண்ணைக் குறைக்கத்தான் எங்கள் பேராசிரியர் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். பேனா மாதிரி ஒரு கருவி. தினமும் கதிருக்கு முன் அதன் நுனியை வாய்க்குள் வைத்து ஒளி காட்டுவார்கள். சுடாது, வலிக்காது. குச்சிங் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன். மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் கடைவாயில் இருக்கும் வெள்ளி அடைப்பையும் உலோக மூடியையும் அங்கே பல் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறினால் அதை ஒட்டியிருக்கும் சதை கூடுதலாக வேகும்.

அண்ணிக்கு என் அன்பு. தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

தங்கை பிபியானா


கம்போங் சிராமுன்
பிப்ரவரி 22, 2003

பிபிக்கு அண்ணனின் ஆசி. வீட்டில் எல்லோரும் சுகம், என் மூக்கைத் தவிர.

இடது காது அடைத்து ஒரு மாதமாகிறது. தொலைபேசியில் நீ பேசினால் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் இருக்கிறது. இனிமேல் எழுது. வேன் ஓட்டும்போது பின்சீட்டுக்காரிகள் நிறுத்தச் சொன்னாலும் கேட்பதில்லை. செரியான் சந்தையில் இறங்க வேண்டியவளைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது அவள், "செவிடனுக்கு எதுக்குய்யா வேனு? ஒரு எருமை வாங்கி ஓட்டு" என்றாள். சந்தை முழுக்க அதே பேச்சு.

பல் டாக்டர் ஒரு சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்த மூடி எங்க போட்டீங்க?" என்றாள். "செரியான் சந்தையில." "சந்தையிலன்னா, மீன் கடையிலயா?" என்று கேட்டாளே பார்க்கணும். இரண்டு பல்லைப் பிடுங்கினாள், மூடியைக் கழற்றினாள். வெள்ளி அடைப்பை நோண்டினால் பல்லே உடைந்துவிடுமாம். அதனால் ரப்பர் மாதிரி தடிமனாக ஓர் உறை செய்து கொடுத்திருக்கிறாள். கதிர் வைக்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். உன் அண்ணி மெலின் அரை மணி நேரம் சிரித்தாள்.

உன் ஒளிக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாதிப் பேருக்கு மெய்யான ஒளி, பாதிப் பேருக்குப் பொய் ஒளியாமே. "எனக்கு எதும்மா?" என்று கையெழுத்து வாங்கின பெண்ணிடம் கேட்டேன். "எனக்கே தெரியாது, சீட்டுக் குலுக்கின மாதிரி விழறதுதான்" என்றாள். "என் தங்கச்சி கோலாலம்பூர்ல அங்கதான் வேலை பாக்கறா" என்றேன். "அப்ப அவங்ககிட்ட பேசாம இருங்க" என்றாள். இது என்ன கதை? நீ எழுதவே இல்லையே.

மார்ச் பதினேழில் தொடக்கம். ஏழு வாரம், முப்பத்தைந்து நாள். குச்சிங்கில் கோயில் விடுதியில் தங்குகிறேன். வேனை மச்சான் ஓட்டுவான். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன் சில்வெஸ்டர்


கோலாலம்பூர்
மார்ச் 10, 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் சிரித்தேன். இங்கே தினமும் மழை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாதிப் பாதி விஷயத்தை எழுதாதது என் தவறு. எழுதினால் வேண்டாம் என்பீர்களோ என்று பயந்தேன். கருவியின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். எல்லோருக்கும் எரியும். புண்ணை ஆற்றுகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது பாதிப் பேருக்குத்தான் வரும். கருவி வைக்கிற பெண் உங்கள் எண்ணை அதில் தட்டினால் கருவியே பார்த்துக்கொள்ளும். அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் புண்ணைப் பார்க்கிற கண் மாறிவிடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எந்த எண்ணுக்கு எது என்கிற பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாவியும் என்னிடம்தான். ஆகையால் உங்கள் எண்ணை எனக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு வரும் படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். நீங்கள் யார் என்று தெரியாமலே இருந்துவிடுகிறேன்.

உப்பும் சோடாவும் கலந்த நீரில் இரண்டு மணிக்கொருமுறை வாய் கொப்பளியுங்கள்.

தங்கை பிபியானா


குச்சிங், கோயில் விடுதி
மார்ச் 24, 2003

பிபிக்கு அண்ணன் எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு.

ஆறு நாள் முடிந்தது. கருவி வைக்கிறவள் பெயர் டயாங். வாயைத் திறந்து நான் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க, அவள் தன் மாமியார் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறாள். பதில் பேச முடியாத ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். ஒளி இதமாக இருக்கிறது, பிபி. வாய்க்குள் இளஞ்சூடாகப் பரவுகிறது. பெஞ்சில் எனக்கு அடுத்த ஆள் வூன், மர ஆலையில் கணக்கராக இருந்தவர். அவர், "ஒண்ணுமே தெரியலையே, எனக்குப் பொய் ஒளிதான் போல" என்று புலம்புகிறார். "உங்க மூஞ்சிக்கு அதுதான் கெடைக்கும்" என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் எண் போட்டார்கள். நான் முப்பத்தேழு, அவர் முப்பத்தெட்டு.

இதை எழுதி முடித்தபோதுதான் மெலின் ஊரிலிருந்து உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணை எழுதக் கூடாதாமே. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடு.

அண்ணன் சில்வெஸ்டர்


கோலாலம்பூர்
ஏப்ரல் 3, 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். நலமறிய ஆவல்.

கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்யுங்கள். உப்புச் சோடா நீரை இரண்டு மணிக்கு ஒருமுறை அல்ல, ஒரு மணிக்கு ஒருமுறை கொப்பளியுங்கள். புளிப்பும் காரமும் இன்றிலிருந்தே வேண்டாம். வலி தொடங்கும் முன்பே வலி மருந்து கேளுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சி கொடுக்கிறோம் என்று டாக்டர் சொன்னால் வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள். பல்லுறையைக் கதிரின்போது ஒருநாளும் மாட்டாமல் இருக்காதீர்கள். ஒளியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

பிபியானா


குச்சிங்
ஏப்ரல் 9, 2003

பிபிக்கு,

சுகமாக இரு.

உன் கடிதம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய தாள் மாதிரி இருந்தது. கோபமா? எண்ணை எழுதிவிட்டேன் என்றா?

வாய் வெந்துவிட்டது. கன்னத்தில் அந்த வெள்ளி அடைப்புப் பக்கம்தான் அதிகம். பல்லுறையை மாட்ட வாயைத் திறக்க முடியவில்லை. நான்கு நாளாக மாட்டவில்லை, டாக்டரிடம் சொல்லிவிடாதே. எச்சில் விழுங்குவதற்கு முன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். "லைட்டு இருக்கறதாலதான் இந்த மட்டுக்கும் இருக்கு, இல்லன்னா இன்னும் மோசமா இருக்கும்" என்று டயாங் சொல்கிறாள். உண்மைதான். ஒளி இல்லாதவர்கள் என்ன பாடுபடுவார்களோ. குழாய் வேண்டாம் என்றுவிட்டேன். வேன் ஓட்டினவன் மூக்கில் குழாயோடு திரிய முடியாது.

ஒரே ஒரு சந்தேகம். வூன் இன்று விடுதியில் முட்டை போட்ட கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தார். "உங்களுக்கு நோவலயா?" என்று எழுதிக் காட்டினேன். "லேசா எரியுது, அவ்வளவுதான்" என்றார். அவருக்கும் எனக்கும் ஒரே டாக்டர், ஒரே கதிர் அளவு. உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றால் விட்டுவிடு.

நீ சேர்த்துவிட்டதால்தான் இந்த ஒளியாவது கிடைத்தது.

அண்ணன்


கம்போங் சிராமுன்
ஏப்ரல் 28, 2003

பிபிக்கு மெலின் அண்ணி எழுதுவது.

நீ நலமாகத்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் ஒன்பதாம் தேதி எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை. இருந்தும் நானே எழுதுகிறேன், வேறு வழியில்லை.

பதினாறாம் தேதியிலிருந்து அவர் கதிருக்குப் போகவில்லை. இருபத்திரண்டு நாளோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஈஸ்டர் பூசைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. காலையில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஈரத்துணி வைத்துப் பிரிக்க வேண்டும். பதினோரு கிலோ குறைந்துவிட்டார். "இன்னும் பதிமூணு நாள்தானே, போயிட்டு வந்துரலாம்" என்று கெஞ்சினேன். சிலேட்டை வாங்கி, "நெருப்பை நீ முழுங்கிப் பார்" என்று எழுதினார்.

அந்த வூன் எல்லா நாளும் போகிறாராம். விசாரிக்க இங்கே வந்திருந்தார். "தம்பி, வண்டி ஏறு, நான் கூடவே வர்றேன்" என்று ஒரு மணி நேரம் கேட்டுப் பார்த்தார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் பேராசிரியரிடம் கேள், பிபி. இவருக்கு ஒளியைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியாதா? மற்றவருக்குப் போதுகிற அளவு இவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. நீ சொன்னால் கேட்க மாட்டார்களா?

மெலின்


கோலாலம்பூர்
மே 3, 2003

அன்புள்ள அண்ணா, அண்ணி,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். காய்ச்சல் என்று எழுத நினைத்தேன். காய்ச்சல் இல்லை.

அண்ணா, உடனே திரும்பிப் போங்கள். இந்தச் சிகிச்சையில் நாள் விடக் கூடாது. விடுகிற ஒவ்வொரு நாளும் கட்டிக்கு மூச்சு விட இடம் கொடுப்பதுபோல. டாக்டருக்கு எழுதிவிட்டேன், குழாய் வைத்து, வலுவான வலி மருந்து கொடுத்து, மீதிப் பதிமூன்றையும் முடித்துத் தருவார்கள். அம்மாவின் கல்லறை மேல் ஆணையாகக் கேட்கிறேன்.

ஒளியைக் கூட்டுவது பற்றி அண்ணி கேட்டிருந்தீர்கள். அது யாருக்கும் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி வைக்கப்பட்டது.

பிபியானா


கம்போங் சிராமுன்
ஜூன் 9, 2003

பிபிக்கு அண்ணனின் ஆசி.

முடித்துவிட்டேன். மே ஏழாம் தேதி திரும்பப் போனேன். உன் ஆணைக்காகப் போனேன், வலிக்குப் பயந்து போகாமலிருக்கத்தான் ஆசை. மூக்கில் குழாயோடு பதிமூன்று நாளும் படுத்தேன். குழாயோடு பார்த்த செரியான்காரிகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கவாய் அறுவடைத் திருநாளுக்கு நீ வருவாய் என்று மெலின் கோழியெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். எல்லோர் பிள்ளைகளும் வந்தார்கள். எனக்கு ஒரு வாய் துவாக் கொடுத்தார்கள், அரிசிக் கள் என்றே தெரியவில்லை. நாக்கில் எதுவும் ருசி இல்லை. ஆனால் வலி இல்லை. புண் ஆறிவிட்டது. "தங்கச்சி அனுப்பின லைட்டுல ஆறிப்போச்சு" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். வேனை எடுத்ததும் இன்னும் சொல்வேன்.

ஏன் வரவில்லை?

அண்ணன்


கோலாலம்பூர்
ஜனவரி 12, 2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு மாதமாக உங்களுக்கு நான் அனுப்பியது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றுதான். கட்டி திரும்ப வந்திருக்கிறது என்று வூன் அவர்களின் மகள் எங்கள் அலுவலகத்துக்குப் பேசியபோது சொன்னாள். உங்கள் வீட்டிலிருந்து எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததில் நியாயம் இருக்கிறது.

உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முப்பத்தேழுக்குப் பொய் ஒளி. உங்கள் வாயில் எரிந்தது சிவப்புப் புள்ளி மட்டும்தான் அண்ணா. இளஞ்சூடு என்று எழுதியிருந்தீர்கள், அப்படி ஒன்றும் வரவில்லை. முப்பத்தெட்டுக்கு மெய்.

பேராசிரியரிடம் யார் என்று சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "நமக்கு வேண்டியவங்க யாராவது உள்ள இருந்தா என்ன செய்யறது சார்?" அவர், "தொண்ணூறு பேரும் யாருக்கோ வேண்டியவங்கதான்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். அதை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன் தெரியுமா.

ஏப்ரல் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்ததும் டயாங்கைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டையே தட்டு என்று சொன்னால் போதும். அவள் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டாள். "சொல்லுங்கக்கா" என்றாள். நான், "போன வாரப் படிவம் இன்னும் வரலையே" என்றேன். "நாளைக்கு அனுப்பிடறேன்கா" என்றாள். வைத்துவிட்டேன். ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பதால் மட்டும் அல்ல. எனக்கு மேற்படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். தெரிந்தால் போய்விடும். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் முடிவு வந்தது. ஒளி வேலை செய்கிறது. மெய் ஒளி பெற்ற நாற்பத்தைந்து பேரில் சிகிச்சையை நிறுத்தியவர் இருவர். பொய் ஒளி பெற்றவர்களில் பதினொருவர். அந்தப் பதினொன்றில் ஒன்று நீங்கள். அந்த எண்ணிக்கையை அட்டவணையில் தட்டச்சு செய்தது நான்தான். இடையில் விட்ட மூன்று வாரத்தால்தான் கட்டி திரும்பியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இனியும் நீங்கள் ஊர் முழுக்க என்னைப் புகழ்வதைத் தாங்க முடியவில்லை.

பிபியானா


கம்போங் சிராமுன்
பிப்ரவரி 1, 2004

பிபியானாவுக்கு மெலின் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நலமெல்லாம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் அண்ணனுக்கு இப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. கட்டி கண் நரம்பை அழுத்துகிறதாம். கடிதங்களை நான்தான் அவருடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் தலையணையைச் சரிசெய்யச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "படி, படி, ஏழு மாசத்துக்கப்புறம் எழுதியிருக்கா" என்றார். நான் உறையைப் பிரித்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். "அன்புள்ள அண்ணாவுக்கு." அடுத்த வரி, அதற்கடுத்த வரி. கண் முன்னால் ஓடி முப்பத்தேழில் நின்றது. அதற்குமேல் நான் வாசித்தது எதுவும் நீ எழுதியதல்ல. இங்கே மழை நின்றுவிட்டது என்றேன். பேராசிரியர் விருந்து வைத்தார், ஆராய்ச்சி வெற்றி என்றேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்றேன். "வேற என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "உங்கள நெனச்சிட்டே இருக்காளாம்" என்றேன். "பாத்தியா" என்று என் கையைத் தட்டினார்.

உன் பாரத்தை இறக்கிவைக்க உனக்கு ஓர் இடம் வேண்டும், அதற்கு அவரைப் பிடித்தாய். சாகப்போகிறவரிடமிருந்து இதையும் பிடுங்கிக்கொள்ள நான் விட மாட்டேன். அவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒளி ஒன்றுதான். பார்க்க வருகிறவர்களிடம் இன்னமும் அதைத்தான் பேசுகிறார். வூன் வந்தால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே போய் அழுகிறார். அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இப்போது அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "பிபி, ஆராய்ச்சி ஜெயிச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். அதுல என் வாயும் இருக்கில்ல? ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல கெடக்குது. இப்ப எல்லாம் முடிஞ்சிருச்சே, இப்பவாவது சொல்லலாமில்ல. வூனுக்கு வச்சதும் எனக்கு வச்சதும் ஒரே லைட்டுதானே? எனக்குத்தான் ஒடம்பு ஏத்துக்கலயா? சொல்லிரு, வேற ஒண்ணும் வேணாம்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. பதில் எழுது. ஆமாம் என்று எழுது. அவர் காதருகே அதை நானே வாசிப்பேன், உன் வார்த்தையாகவே வாசிப்பேன், அதனால் நன்றாக எழுது. அவர் கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இருக்காது.

அடக்கத்துக்குச் சொல்லி அனுப்புவேன். அதுவரை வராதே.

மெலின்


கோலாலம்பூர்
பிப்ரவரி 11, 2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிபியானா எழுதுவது. நான் நலம். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கடிதம் கேட்டீர்கள் என்று அண்ணி எழுதியிருந்தார்கள், மகிழ்ச்சி. இங்கே மழை நின்று நல்ல வெயில்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அதனால் சொல்லலாம். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வூன் அவர்களுக்கு வைத்ததும் உங்களுக்கு வைத்ததும் ஒரே ஒளிதான். இரண்டும் மெய்தான், அண்ணா. ஒருவர் உடம்பு போல் இன்னொருவர் உடம்பு இருப்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் இளஞ்சூடு என்று எழுதினீர்களே, அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

ஆமாம், அந்த ஆராய்ச்சியில் உங்கள் வாயும் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை பிபியானா